வாத்தியார் போய்வரட்டும்



உங்கள் வீட்டுச் சமையலறையில் மீல் மேக்கர் பாக்கெட் இருக்கிறதா? சப்பாத்திக்குக் குருமா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் என்று நம்மில் பலருக்கு அது பழகிப்போன பொருள். எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது அது. அந்தச் சோயா நம் நாட்டு வயல்களில் பரவியதற்குப் பின்னால் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த ஒரு கூட்டுறவு இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

1960-ல் பந்த்நகரில் ஒரு வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அன்று அது உத்தரப் பிரதேசம், இன்று உத்தராகண்ட். இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் அதுதான். அதற்குத் துணையாக நின்றது அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம். செலவை அமெரிக்க அரசின் உதவி நிதி ஏற்றது. அங்கிருந்து பேராசிரியர்கள் இங்கே வந்து தங்கிப் பாடம் நடத்தினார்கள். இங்கிருந்து நம் ஆட்கள் அங்கே போய்ப் படித்துத் திரும்பினார்கள்.

நம் மலைப் பகுதிகளில் கறுப்புச் சோயா முன்பே கொஞ்சம் விளைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதிக விளைச்சல் தரும் மஞ்சள் சோயா ரகங்களை 1960-களில் பந்த்நகரிலும் ஜபல்பூரிலும் விதைத்துப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டுறவில் இருந்தவர்கள்தான். இன்று நாட்டில் 1 கோடி ஹெக்டேருக்கு மேல் சோயா விளைகிறது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் லட்சக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன.

இந்த மாதம் உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். அரசு மானியத்தில் நடக்கும் பன்னாட்டுப் பல்கலைக்கழகக் கூட்டுறவு, பேராசிரியர் பரிமாற்றம். பெயரைக் கேட்டாலே ஏதோ டெல்லி கோப்பு போல இருக்கிறது. ‘நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று பக்கத்தைப் புரட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் எந்தக் குடும்பத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

இன்னொரு கதை சொல்கிறேன். இது நம் ஈரோட்டில் பிறந்த ஒருவரின் கதை.

1962 முதல் 1972 வரை, அமெரிக்காவின் ஒன்பது பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கான்பூர் ஐ.ஐ.டி.யை வளர்க்க உதவின. இதற்கும் பணம் அமெரிக்க அரசுடையது. பேராசிரியர்கள் வந்தார்கள், ஆய்வகக் கருவிகள் வந்தன. 1963-ல் ஐ.பி.எம். 1620 என்ற கணினியும் வந்து இறங்கியது. அன்றைக்கு நம் நாட்டில் கணினியைக் கண்ணால் பார்த்தவர்களே மிகக் குறைவு.

அதே 1963-ல் கான்பூரில் இளம் ஆசிரியராகச் சேர்ந்தார் வி. ராஜாராமன். ஈரோட்டில் பிறந்தவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு நாடு திரும்பியவர். வந்திருந்த அமெரிக்கப் பேராசிரியர்களோடு சேர்ந்து அந்தக் கணினியில் வேலை செய்தார். 1965-ல் கணினி அறிவியலை முறையான படிப்பாக அங்கே தொடங்கிவைத்தார். நாட்டிலேயே அதுதான் முதல். இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி எம்.டெக். படித்ததும் அதே கான்பூரில்தான்.

ராஜாராமன் அதோடு நிற்கவில்லை. நம் மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் பாடப்புத்தகங்கள் எழுதினார். கணினித் துறைக்கு ஆட்களைத் தயார்செய்வது எப்படி என்று ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1980-களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. என்ற பட்டப்படிப்பு பிறந்தது அந்தக் குழுவின் பரிந்துரையால்தான்.

எம்.சி.ஏ.! நம் ஊர்களில் எத்தனை வீடுகளை நிமிரவைத்த மூன்றெழுத்து அது! பி.எஸ்சி. கணிதம் முடித்த பையனும் இயற்பியல் முடித்த பெண்ணும், இன்ஜினீயரிங் சீட்டுக்குக் காசில்லாத வீடுகளிலிருந்து, அந்தப் படிப்பின் வழியாக மென்பொருள் வேலைக்குப் போனார்கள். அந்தச் சம்பளத்தில் அக்காள் கல்யாணம் நடந்தது, ஓட்டு வீடு மாடி வீடானது. அந்தப் பெற்றோரில் எத்தனை பேருக்குக் கான்பூரில் வந்து இறங்கிய கணினி பற்றித் தெரிந்திருக்கும்? தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் மானியம் என்று ஒன்று சரியான இடத்தில் போய்ச் சேர்ந்தால், அது எத்தனை வருடம் கழித்து, எவர் வீட்டு வாசலில் பலன் தரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் கிண்டிக்கே வாருங்கள். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் ‘பான் அவென்யூ’ என்று ஒரு சாலை உண்டு. ‘டெல்லி அவென்யூ’ என்று இன்னொன்றும் உண்டு. பான் அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரம். 1956-ல் இந்தியாவில் ஓர் உயர் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமைக்க உதவுவதாக ஜெர்மனி சொன்னது. 1959-ல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே வருடம் ஜூலை 31-ல் கிண்டியில் ஐ.ஐ.டி. திறக்கப்பட்டது.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று அம்சங்கள் முக்கியம். ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்து பாடம் நடத்த வேண்டும். இங்குள்ள ஆசிரியர்கள் ஜெர்மனி போய்ப் பயிற்சி பெற வேண்டும். ஆய்வகங்களுக்கும் பட்டறைக்கும் கருவிகள் வர வேண்டும். மூன்றும் ஒன்றாக நடந்ததுதான் அதன் பலம். கருவி மட்டும் வந்திருந்தால் நாலு வருடத்தில் துணி போர்த்தி மூலையில் வைத்திருப்பார்கள். கருவியை இயக்கக் கற்ற ஆசிரியர் இருந்ததால் அது பாடமாக மாறியது. ஜெர்மன் பேராசிரியர்கள் ஊர் திரும்பிய பிறகும் பட்டறை நின்றுவிடவில்லை. கற்றுக்கொண்ட நம் ஆசிரியர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த உறவு இன்றும் முடியவில்லை. 2010-ல் தொடங்கிய இந்திய-ஜெர்மன் நீடித்த வளர்ச்சி மையம் அதே வளாகத்தில் இருக்கிறது. தண்ணீர், கழிவு, எரிசக்தி, நிலப் பயன்பாடு என்று அதன் ஆய்வுகள் விரிகின்றன. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுமோ என்று பயப்படும் சென்னைக் குடும்பங்களுக்கு இவை வேறு யாரோ கவலைப்பட வேண்டிய விஷயங்களா?

சரி, இதெல்லாம் பழைய கதை. இப்போது என்ன நடக்கிறது?

நிறையவே நடக்கிறது. பெயர்கள்தான் வெளியே தெரிவதில்லை.

ஃபுல்பிரைட் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியாவும் அமெரிக்காவும் 1950-ல் போட்ட ஒப்பந்தத்தால் இங்கே அது தொடங்கியது. 2008-ல் புது ஒப்பந்தம் வந்தது. அதிலிருந்து இந்திய அரசும் சம பங்கு பணம் போடுகிறது. அதனால்தான் அதற்கு இன்று ஃபுல்பிரைட்-நேரு என்று பெயர். கல்லூரி ஆசிரியர்கள் சில மாதங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்யலாம், பாடம் நடத்தலாம். அதே போல அமெரிக்கப் பேராசிரியர்கள் இங்கே வரலாம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஆறு வாரப் பயிற்சியும் ஃபுல்பிரைட் குடையின் கீழ் நடந்திருக்கிறது.

பிரிட்டனோடு 2006 முதல் உக்கியெரி என்ற திட்டம். இரு நாட்டு அரசுகளும் பணம் போட, இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆய்வு செய்கின்றன.

2015-ல் நம் மத்திய அரசு தொடங்கியது ‘கியான்’. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இங்கே வந்து ஒன்று அல்லது இரண்டு வாரம் ஒரு பாடத்தை முழுதாக நடத்த வேண்டும். 12 முதல் 14 மணி நேர வகுப்புக்கு 8,000 டாலர் வரை. 20 முதல் 28 மணி நேரத்துக்கு 12,000 டாலர் வரை. விமானக் கட்டணமும் மதிப்பூதியமும் அதிலேயே அடக்கம். திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இந்த வகுப்புகள் நடந்திருக்கின்றன. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நடத்தும் கல்லூரியின் மாணவர்கள் மட்டுமல்ல, வேறு கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும்கூடப் பதிவு செய்துகொண்டு போய் உட்காரலாம்.

2017-ல் வந்தது ‘வஜ்ரா’. வெளிநாட்டில் இருக்கும் விஞ்ஞானிகள், முக்கியமாக நம் வம்சாவளியினர், ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை இங்கே வந்து ஆய்வு செய்ய உதவுவது அது.

2018-ல் ‘ஸ்பார்க்’. இரண்டு வருடத்துக்கு 418 கோடி ரூபாய், 600 கூட்டு ஆய்வுத் திட்டங்கள் என்று அரசு அறிவித்தது. நம் பேராசிரியர்கள் அங்கே போகலாம், அவர்கள் இங்கே வரலாம், ஆய்வு மாணவர்களும் போய்வரலாம்.

இப்போது வீட்டுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போமா?

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கியான் திட்டத்தின் 12,000 டாலர் என்பது ஏறத்தாழ 10 லட்ச ரூபாய். ஐம்பது மாணவர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்தால் தலைக்கு 20,000 ரூபாய் வருகிறது. அதே பேராசிரியரிடம் படிக்க ஒரு பிள்ளையை அமெரிக்கா அனுப்பினால் என்ன ஆகும்? பல பல்கலைக்கழகங்களில் ஒரு வருடக் கட்டணத்துக்கே இந்த 10 லட்சம் போதாது. அதற்காக நாம் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கிறோம், ஊரில் இருக்கும் காணி நிலத்தை விற்கிறோம்.

பிள்ளைகள் வெளிநாடு போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போகட்டும், நன்றாகப் படிக்கட்டும். ஆனால் போக முடியாத பிள்ளைகள்தானே நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருக்கிறார்கள்? அவர்களுக்கு வழி என்ன? மாணவர் ஒருவர் போய்வந்தால் ஒரு வீடு முன்னேறும். ஆசிரியர் ஒருவர் போய்வந்தால், அவர் ஓய்வு பெறும்வரை அவர் முன்னால் உட்காரும் அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் பயன் பெறுவார்கள். எனக்குத் தெரிந்த மிகச் சிக்கனமான கல்விச் செலவு இதுதான்.

எனக்குத் தெரிந்த வேதியியல் ஆசிரியை ஒருவர் இப்படி ஒரு மானியத்தில் வெளிநாடு போய்வந்தார். பெரிய கருவி எதையும் அவர் கொண்டுவரவில்லை. ஆனால் அவருடைய ஆய்வக வகுப்பு மாறிவிட்டது. முன்பெல்லாம் மாணவிகள் ரெக்கார்டு நோட்டில் போன வருட சீனியரின் அளவீடுகளைப் பார்த்து எழுதுவார்கள், அவரும் கையெழுத்துப் போடுவார். இப்போது விடை தவறாக வந்தாலும் வந்ததை அப்படியே எழுதச் சொல்கிறார். ‘ஏன் தவறியது?’ என்று கீழே நாலு வரி எழுதினால் அதற்குத்தான் மதிப்பெண். ‘அங்கே யாரும் தவறான ரீடிங்கை மறைக்கிறதில்லை சார், அதை வெச்சுத்தான் பேச்சே ஆரம்பிக்குது’ என்றார் என்னிடம். இந்த ஒரு மாற்றத்துக்கு எந்த மாணவியும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்டவில்லை.

இவ்வளவு நல்ல விஷயம் என்றால் எல்லாக் கல்லூரிக்கும் கிடைக்கிறதா? இங்கேதான் எனக்கு வருத்தம்.

ஸ்பார்க் திட்டத்தின் பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-22 கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி படிப்பவர்கள் 4.33 கோடிப் பேர். 418 கோடியை அவர்களுக்கு வகுத்தால் ஆளுக்கு 100 ரூபாய்கூட வரவில்லை, அதுவும் இரண்டு வருடத்துக்கு! அந்தப் பணமும் தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் வந்த நிறுவனங்களுக்குத்தான். அந்தக் கணக்கெடுப்பில் கல்லூரிகள் மட்டுமே 45,000-க்கு மேல். முதல் வரிசையில் இருப்பவர்களுக்கே மறுபடியும் பந்தி வைத்தால் மற்றவர்கள் எப்போது சாப்பிடுவது?

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஸ்பார்க் விதியில் ஒட்டுமொத்தப் பட்டியலின் முதல் 100 மட்டுமல்ல, ஒவ்வொரு பிரிவிலும் முதல் 100 என்றும் இருக்கிறது. கல்லூரிகளுக்கான பட்டியலில் கடந்த சில வருடங்களாக நூற்றில் முப்பதுக்கும் மேல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள்தான். அப்படியானால் நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றுக்கு வாசல் திறந்துதான் இருக்கிறது. எத்தனை கல்லூரிகள் அந்த வாசலைத் தட்டிப் பார்த்தன?

தட்டாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. விண்ணப்பம் எழுதப் பழகிய ஆள் இல்லை. வெளிநாட்டில் யாரைத் தொடர்புகொள்வது என்று தெரியவில்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு, தேர்வுப் பணி, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டி வேலை என்று ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமில்லை. மானியம் கிடைத்தாலும் தடையில்லாச் சான்றிதழ் வாங்க மேசை மேசையாக அலைய வேண்டும். சுயநிதிக் கல்லூரி என்றால் லீவு கேட்பதற்கே பயம். அரசுக் கல்லூரியில் பாதி வகுப்பைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்களோ, இந்த வரிசையிலேயே இல்லை.

இன்னொரு பக்கம் ‘எம்.ஓ.யு.’ என்ற புரிந்துணர்வு ஒப்பந்த மோகம். ஒரு கல்லூரியின் முதல்வர் அறைக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்கப் புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் தோல் அட்டைக் கோப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மேசையில் இரண்டு நாட்டுக் குட்டிக் கொடிகள், பின்னால் பேனர், பக்கத்தில் சால்வை. ‘இதில் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆசிரியர் வந்து வகுப்பு எடுத்தார்?’ என்று கேட்டேன். பதில் வரவில்லை, காபிதான் வந்தது. விளம்பரத்தில் மட்டும் அந்தப் பல்கலைக்கழகங்களின் முத்திரைகள் வரிசையாக நிற்கின்றன. அதைப் பார்த்துத்தான் பெற்றோர் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுகிறார்கள்.

உங்கள் மனதில் எழும் கேள்விகள் எனக்குப் புரிகின்றன. நியாயமான கேள்விகள்தான்.

‘எத்தனையோ கல்லூரியில் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் ஒழுங்காக இல்லை. இதில் வெளிநாட்டுக்காரருக்கு டாலரா?’ கழிப்பறை கட்டாயம் வேண்டும். அதில் சமரசமே கிடையாது. ஆனால் இரண்டில் ஒன்று என்று நம்மை ஏன் நிறுத்த வேண்டும்? இதற்கு ஒதுக்கப்படும் பணம் எவ்வளவு சின்னது என்று மேலே பார்த்தோம். இதை நிறுத்தினால் கழிப்பறை வந்துவிடப் போவதில்லை. ஏழைப் பிள்ளை படிக்கும் கல்லூரிக்கு அடிப்படை வசதி மட்டும் போதும், உலகத்தரமான ஆசிரியர் வசதியான பிள்ளைக்கு என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

‘போகிறவர்கள் அங்கேயே தங்கிவிட்டால்?’ இதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. உதாரணமாக, ஃபுல்பிரைட் விசாவில் போகிறவர்கள் திரும்பிவந்து சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருந்த பிறகுதான் அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிக்க முடியும். அதோடு, இங்கே வேலையும் குடும்பமும் உள்ள நடுவயது ஆசிரியர் ஒருவர் ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போய்விடுவாரா என்ன?

‘யூடியூபில்தான் எல்லாப் பாடமும் இருக்கிறதே?’ இருக்கிறது. நம் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். வகுப்புகளே அருமையானவை, இலவசமானவை. பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் வீடியோவுக்கு உங்கள் பிள்ளையின் முகம் தெரியாது. ‘புரியவில்லை’ என்று அவள் கண் சொல்வதைப் பார்த்து நிறுத்திவிட்டு, வேறு மாதிரிச் சொல்லிக்கொடுக்க அதற்குத் தெரியாது. அதைச் செய்பவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்தான். அவரைத்தான் நாம் வளர்க்க வேண்டும்.

இங்கே பிரிட்டனிடம் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியபோது, மாணவர்களும் ஆசிரியர்களும் நாடு விட்டு நாடு போய்வர உதவிய எராஸ்மஸ் திட்டத்திலிருந்தும் அது விலகியது. அதற்குப் பதிலாக 2021-ல் தொடங்கிய டூரிங் திட்டம் மாணவர்கள் வெளியே போகப் பணம் தந்தது. ஆசிரியர் பரிமாற்றத்துக்கு அதில் இடமில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் இல்லை. அந்தக் குறையை உணர்ந்த வேல்ஸ் அரசு, தன் பங்குக்கு டைத் என்ற திட்டத்தை 2022-ல் கொண்டுவந்தது. அதில் ஆசிரியர்களும் போகலாம், அங்கிருந்தும் வரலாம். தமிழ்நாட்டைவிட மிகச் சிறிய நிலம் வேல்ஸ். மத்தியில் இல்லையென்றால் நாமே செய்வோம் என்று அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

நம் மாநில அரசுக்கு என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியை மையமாக வைத்து, சுற்றியுள்ள கல்லூரிகளைச் சேர்த்து ஒரு சின்ன நிதி ஒதுக்குங்கள். வருகிற பேராசிரியர் ஒரு வாரம் அங்கே பாடம் எடுக்கட்டும், எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து உட்காரட்டும். இங்கிருந்து போகிற ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியருக்கும் அந்த நிதியிலேயே சம்பளம் கொடுங்கள். கௌரவ விரிவுரையாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தவர், தான் கற்றதைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் போய்ச் சொல்லித்தர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், என்ன நடந்தது என்பதைப் பொதுவில் வையுங்கள். நம் வரிப்பணம் ஊர்சுற்றப் போகவில்லை என்று அப்போது எல்லோருக்கும் தெரியும்.

அரசு செய்யும்போது செய்யட்டும். வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன?

முதலில், உங்கள் வீட்டிலேயே ஓர் ஆசிரியை இருந்தால்? தகுதியும் ஆர்வமும் இருந்தும் விண்ணப்பப் படிவத்தை இறக்கி வைத்துவிட்டு, ‘பிள்ளைக்கு இந்த வருஷம் பிளஸ் டூ’, ‘அத்தைக்கு முட்டிவலி’, ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்று அனுப்பாமல் விட்ட பெண்கள் எத்தனையோ பேர். கணவன் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனால் ஏர்போர்ட்டுக்குக் குடும்பமே போய் வழியனுப்புகிறோம். மனைவி நாலு மாதம் போவதென்றால் மட்டும் வீடு ஏன் பதறுகிறது? சமையலுக்கு ஆள் வைக்கலாம், மாமியார் வந்து இருக்கலாம், அப்பா ஹோம்வொர்க் பார்க்கலாம். நாலு மாதம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அவர் கற்றுக்கொண்டது நாற்பது பேர் கொண்ட வகுப்புகளில் வருடம் வருடமாகப் பலன் தரும். ‘நீ அப்ளை பண்ணு, வீட்டை நாங்க பார்த்துக்கிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் உறவில் யாராவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருக்கிறாரா? அண்ணன் மகன், சித்தி பெண், மைத்துனர் என்று இன்று பல குடும்பங்களில் ஒருவர் இருக்கிறார். லீவுக்கு ஊருக்கு வருவார், கல்யாணங்களுக்குப் போவார், கோயிலுக்குப் போவார், திரும்பிவிடுவார். அவரிடம் கியான் பற்றியும் வஜ்ரா பற்றியும் சொல்லுங்கள். அவர் படித்த ஊர்க் கல்லூரிக்கு ஒரு வாரம் ஒதுக்கச் சொல்லுங்கள். அழைப்புக் கடிதம் அனுப்ப அந்தக் கல்லூரித் துறைத்தலைவரைத் தயார்செய்யுங்கள். எத்தனையோ கூட்டு ஆய்வுகள் இப்படி ஒரு பழைய மாணவரின் வருகையில்தான் தொடங்கியிருக்கின்றன.

மூன்றாவது, அட்மிஷன் நேரத்தில் கேள்வி கேளுங்கள். ஒரு வரன் பார்க்க வேண்டும் என்றால் நாலு இடத்தில் விசாரிக்கிறோம், பக்கத்து வீட்டில் கேட்கிறோம், வேலை பார்க்கும் இடம்வரை போய்ப் பார்க்கிறோம். பிள்ளையின் கல்லூரிக்கு மட்டும் பஸ் வசதியும் பிளேஸ்மென்ட் பேனரும் போதுமா? கல்லூரி அலுவலகத்தில் பயப்படாமல் இவற்றையும் கேளுங்கள்.

கடந்த மூன்று வருடத்தில் வெளிநாட்டு ஆசிரியர் யாராவது இங்கே வந்து ஒரு வாரமாவது வகுப்பு எடுத்தாரா?

உங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேர் மானியத்தில் போய்வந்தார்கள்? அவர்களில் இன்னும் எத்தனை பேர் இங்கே பாடம் நடத்துகிறார்கள்?

விளம்பரத்தில் போட்டிருக்கும் ஒப்பந்தத்தால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? கூட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிப்படியா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். 2022-ல் யு.ஜி.சி. வெளியிட்ட விதிகள் இந்தக் கூட்டுப் படிப்புகளுக்கு வரம்பு வகுத்திருக்கின்றன. நாக் மதிப்பெண் குறைந்தது 3.01, அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் இருக்கும் பல்கலைக்கழகங்கள் போன்றவைதான், உலகத் தரவரிசையில் முதல் 1,000 இடங்களுக்குள் வரும் வெளிநாட்டு நிறுவனங்களோடு நேரடியாகச் சேரலாம். இந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் கட்டணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். பத்துப் பெற்றோர் இதைக் கேட்டால் போதும், அடுத்த வருடம் கல்லூரியே பதிலைத் தயாராக வைத்திருக்கும்.

ஆசிரியராக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு தனி வார்த்தை. ‘நம்ம காலேஜ் பேருக்கெல்லாம் யார் கொடுப்பாங்க’ என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் கல்லூரியே தகுதிப் பட்டியலில் இல்லை என்றாலும், அருகில் நடக்கும் கியான் வகுப்பில் மாணவராகப் போய் உட்கார எந்தத் தடையும் இல்லை. அங்கே வருகிற பேராசிரியரிடம் நீங்கள் செய்யும் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். உங்கள் ஊர் நொய்யல் ஆற்றின் சாயக்கழிவோ, உங்கள் மாவட்டத்து மானாவாரி நிலமோ, உங்கள் மாணவிகளின் ரத்தசோகையோ அவருக்குப் புதிய ஆய்வுப் பொருள். அவரிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. கையேந்தும் உறவு இல்லை இது. கொடுத்து வாங்கும் உறவு.

உங்கள் கல்லூரியில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். போய்வந்த அனுபவம், போக முடியாமல் போன காரணம், வகுப்பில் வந்த மாற்றம் எதுவானாலும் சரி. மற்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுகிறேன். விண்ணப்பிப்பது எப்படி என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் அதற்கென்றே சில பக்கங்கள் ஒதுக்கவும் தயார்.

கான்பூருக்கு ஒரு கணினி வந்து இறங்கியபோது, பயன்பெறப்போகும் பிள்ளைகளில் பலர் பிறந்திருக்கவே இல்லை. அன்று அந்தப் பணத்தை ‘இதனால் எனக்கு என்ன லாபம்?’ என்று யாரும் தடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையின் பலனை அனுபவித்தவர்கள் நாம். அடுத்து வரும் பிள்ளைகளுக்காக அதையே நாம் கேட்டு வாங்க வேண்டாமா? இந்த அட்மிஷன் சீசனிலேயே தொடங்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்